நல்ல ஸ்பிரின்டர் இருந்தும் நாலாவது இடம்தான். எங்கே தப்பு செய்கிறேன்?

கடைசிகியர் எழுதியது:

வணக்கம். சைக்கிள் பந்தய அணியை மேனேஜராக நடத்தும் இந்த ஆன்லைன் ஆட்டத்தில் எனக்கு இது நான்காவது சீசன். மூன்றாம் டிவிஷனில் இருந்து போன சீசன்தான் ஏறி வந்தேன். இப்போது 16 அணிகளில் 12ஆவது இடம். கடைசி நான்கு அணிகள் கீழே போகும் என்பதால் சரியாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மலையில் தோற்பது எனக்குப் பழகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்க வரவில்லை. சமதளத்தில்தான் வயிறு எரிகிறது. டிவிஷனிலேயே இரண்டாவது வேகமான ஸ்பிரின்டர் (கடைசி சில நூறு மீட்டரில் சீறிப் பாய்பவன்) என்னிடம் இருக்கிறான். ஸ்பிரின்ட் 84. முதலில் இருப்பவனுக்கு 85, அவ்வளவுதான் வித்தியாசம். ஏலத்தில் அவனை எடுக்க நான்கு ராத்திரி தூக்கம் கெட்டது. படத்தில் தலையில் முடி இல்லாததால் எங்கள் வீட்டில் அவனுக்கு மொட்டை என்று பெயர். "மொட்டை இன்னைக்கு எத்தனாவது?" என்று மனைவி கேட்பாள். நான் "நாலாவது" என்பேன். இந்த சீசனில் ஐந்து முறை நாலாவது.

போன பந்தயத்தை மட்டும் சொல்கிறேன். 187 கிலோமீட்டர், மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு பேர் ஆரம்பத்திலேயே பிரிந்து ஓடினார்கள். 70 கிலோமீட்டர் மீதி இருக்கும்போது இடைவெளி 5 நிமிடம் 40 விநாடி. யாரும் துரத்தவில்லை. எனக்குப் பயம் வந்து, துரத்துவதற்காக நான்கு பேரைக் கூட்டத்தின் முன்னால் அனுப்பினேன். அவர்களே கடைசி வரை இழுத்து, 6 கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் அந்த நான்கு பேருக்கு மிச்சம் இருந்த சக்தி 14, 11, 9, 6. மொட்டைக்குப் பாதை போட்டுக் கொடுக்க வேண்டியவன் 31. மொட்டையே 58தான். கடைசி 400 மீட்டரில் அவன் தனியாக முன்னால் மாட்டிக்கொண்டான். மூன்று பேர் பின்னால் இருந்து தாண்டிப் போனார்கள். ஜெயித்தவனின் அணி அன்றைக்கு ஒரு கிலோமீட்டர்கூட முன்னால் வரவில்லை!

கையில் ஆறு லட்சம் இருக்கிறது (ஆட்டக் காசுதான்). சமதளத்தில் இழுக்க இன்னொரு நல்ல உழைப்பாளி ரைடரை வாங்குவதா, அல்லது இருப்பவர்களின் பயிற்சிக்குச் செலவழிப்பதா?


சமதளம் எழுதியது:

வாங்குங்கள். ஃப்ளாட் (சமதளத் திறன்) 75க்கு மேல் இருக்கும் ஒருவனை எடுத்தால் மற்றவர்களுக்குச் சுமை குறையும். சீசன் முடிவில் ஏலத்தில் விலை இறங்கும், ஆனால் உங்களுக்கு அதுவரை காத்திருக்க நேரம் இல்லை.


வால்காற்று எழுதியது:

வாங்காதீர்கள். ஆறு லட்சத்தைப் பூட்டி வையுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது, கடைசி வரியில். ஜெயித்தவன் அணி முன்னால் வரவே இல்லை என்கிறீர்களே, ஏன் வர வேண்டும்? நீங்கள்தான் வேலைக்காரர்களாக இருந்தீர்களே. இன்னொருவனை வாங்கினால் இன்னும் ஐந்து நிமிடம் அதிகமாக அடுத்தவன் ஸ்பிரின்டருக்கு உழைப்பீர்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்வார்கள் இல்லையா. நீங்கள் இரண்டையும் மாற்றிச் செய்கிறீர்கள்.

இந்த ஆட்டம் நிஜ பந்தயத்தின் காற்றுக் கணக்கை ஓரளவு ஒழுங்காகவே எடுத்து வைத்திருக்கிறது. நிஜத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்று பாருங்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018இல் 121 பேர் கொண்ட பெலோட்டானை (சேர்ந்து ஓட்டும் பெரிய கூட்டத்தை) வைத்து ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் பத்திரமாக ஒளிந்திருப்பவனுக்கு, தனியாக அதே வேகத்தில் ஓட்டுபவன் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் வருகிறதாம். உங்கள் நான்கு பேர் 64 கிலோமீட்டர் காற்றைக் கிழித்தபோது, அந்த 85 ஸ்பிரின்டர் உள்ளே ஏறக்குறைய ஊஞ்சலில் இருந்தான். அறிக்கையில் அவன் சக்தியைத் திறந்து பாருங்கள். 70க்குக் குறையாது என்று பந்தயம் கட்டுகிறேன். 58 சக்தியில் இருக்கும் 84ஐவிட, 70 சக்தியில் இருக்கும் 80 வேகமானவன். இந்த ஆட்டத்தில் ஸ்பிரின்ட் எண்ணைப் பார்த்து ஏலம் கேட்கிறோம், ஜெயிப்பதோ சக்தி எண்ணில்.

துரத்தல் ஆரம்பித்த நேரத்தில் தப்பில்லை. ரொபேர் ஷப்பாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு: முன்னால் தனியே ஓடுபவன் தப்பிக்க வேண்டுமானால் மீதி இருக்கும் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் கையில் இருக்க வேண்டும். 70 கிலோமீட்டருக்கு 7 நிமிடம். அவர்களிடம் இருந்தது 5:40. அதாவது அந்த ஆறு பேர் பிடிபட வேண்டியவர்கள்தான். பிடிக்கும் செலவை மட்டும் நீங்கள் ஒருவரே ஏற்றுக்கொண்டீர்கள்.

நானும் இதையேதான் இரண்டு சீசன் செய்தேன். ஒருநாள் வெறுத்துப்போய் ஒருவரையும் முன்னால் அனுப்பவில்லை. நான் இழுப்பேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பிரேக் (முன்னால் பிரிந்து ஓடிய கும்பல்) நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆட்டத்தின் அரட்டைப் பெட்டியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உன்னிடம் ஸ்பிரின்டர் இருக்கிறான், நீதானே துரத்த வேண்டும்" என்று எட்டு அணிக்காரர்கள். அந்த எட்டில் மூன்று பேரிடமும் ஸ்பிரின்டர் இருந்தான்! அடுத்த சமதளப் பந்தயத்தில் 60 கிலோமீட்டர் இருக்கும்போது அந்த மூன்று அணிகளும் ஆளுக்கு ஒருவரை முன்னால் அனுப்பின. நானும் ஒருவனை அனுப்பினேன். ஒரு பந்தயத்தைத் தோற்றுக் காட்டித்தான் அதைச் சம்பாதித்தேன்.


கடைசிகியர் எழுதியது:

வால்காற்று அண்ணே, அறிக்கையைத் திறந்து பார்த்தேன். 71. பந்தயம் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். 2009 டூர் டி பிரான்ஸில் ஸ்பிரின்டர் கேவண்டிஷ் 6 ஸ்டேஜ் (ஒருநாள் கட்டம்) ஜெயித்தாரே, அப்போது அவர் அணி பல நாள் நாள் முழுக்க முன்னால் நின்று இழுத்ததே. அது எப்படிச் செல்லுபடியானது? அப்புறம், 12ஆவது இடத்தில் இருந்துகொண்டு ஒரு பந்தயத்தைத் தோற்றுக் காட்டும் வசதி எனக்கு இல்லை. அந்த 85 ஸ்பிரின்டர் வைத்திருக்கும் மேனேஜருக்கு, சேர்ந்து துரத்தலாமா என்று ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.


வால்காற்று எழுதியது:

கேவண்டிஷுக்கு இழுக்க டோனி மார்ட்டின், ஐசல், கடைசியில் பாதை போட்டுக் கொடுக்க ரென்ஷா எல்லாம் இருந்தார்கள். அப்போது டூரில் அணிக்கு 9 பேர். நமக்கு ஆட்டம் கொடுப்பது 7. நாலு பேர் இழுத்துச் செத்த பிறகும் ரென்ஷா மாதிரி ஒருவன் முழு சக்தியோடு மிச்சம் இருந்தால் நீங்களும் தாராளமாக இழுங்கள். உங்களுக்கு மிச்சம் இருந்தது 31.


கல்பாதை எழுதியது:

வால்காற்று அண்ணாவுடன் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். சும்மா உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பதால் மட்டும் யாரும் வந்து இழுக்க மாட்டார்கள். நீங்கள் ஏன் இழுக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தை பிரேக்கிலேயே அனுப்பி வைத்துவிடலாம்.

உங்கள் அணியில் யார் சம்பளம் குறைவோ, யார் இல்லாவிட்டாலும் மொட்டைக்கு நஷ்டம் இல்லையோ, அவனுக்கு "ஆரம்பத்தில் தாக்கு" என்று கட்டளை கொடுங்கள். முதல் 15 கிலோமீட்டரில் மூன்று முறை முயற்சி செய்ய விடுங்கள், ஒருமுறை போதாது. அவன் முன்னால் போய்விட்டால் உங்கள் மற்ற ஆறு பேரும் நிம்மதியாகப் பின்னால் இருக்கலாம். சொந்த ஆளைத் துரத்து என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. செலவு மற்ற ஸ்பிரின்டர் அணிகளின் தலையில். நிஜ அணிகளும் இதைச் செய்வதுண்டு. டிவியில் ஆறு பேர் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும்போது, அதில் சிலர் ஜெயிக்கப் போனவர்கள் இல்லை, பின்னால் இருக்கும் தங்கள் கேப்டனுக்கு ஓய்வு வாங்கிக் கொடுக்கப் போனவர்கள்.

அப்படிப் போனவன் சில சமயம் ஜெயித்தும் விடுவான். 2016 பாரிஸ் ரூபே ஒருநாள் பந்தயம் நினைவிருக்கிறதா? மேத்யூ ஹேமன் பிப்ரவரியில் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள்ளேயே நிலைச் சைக்கிளில் மிதித்துப் பயிற்சி செய்து, ஏப்ரலில் வந்து ஆரம்ப பிரேக்கில் சேர்ந்தார். கடைசியில் பந்தயம் முடியும் வெலோட்ரோமில் (வட்டச் சைக்கிள் மைதானத்தில்) போனனை ஸ்பிரின்டில் அடித்தார். போனன் அதற்கு முன்பே நான்கு முறை ரூபே ஜெயித்தவர்!

டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலைச் சைக்கிள் பந்தயம் இன்னும் மேல். 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், தொழில்முறை அணி ஒப்பந்தம்கூட அப்போது இல்லை. கொடி இறங்கியதுமே பிரிந்து போய்விட்டார். பின்னால் நெதர்லாந்தின் நான்கு பேர்: ஃபான் ஃப்லூட்டன், ஃபான் டர் ப்ரெக்கன், ஃபோஸ், ஃபோலரிங். தாளில் பார்த்தால் தோற்க வாய்ப்பே இல்லாத அணி. அவர்கள்தானே பலசாலிகள், அவர்களே துரத்தட்டும் என்று மற்ற நாடுகள் இருந்தன. ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது, முன்னால் எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கும் தவறிவிட்டது. ஃபான் ஃப்லூட்டன் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கிக் கொண்டாடினார். கீசன்ஹோஃபர் வந்து 1 நிமிடம் 15 விநாடி ஆகியிருந்தது.

நமக்கு ரேடியோவுக்குப் பதில் திரையிலேயே இடைவெளி தெரிகிறது. ஆனாலும் அதே முறைப்பு நடக்கும், பாருங்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று: எதிரணி மேனேஜருக்குத் தனிச் செய்தி அனுப்புவதை விட்டுவிடுங்கள். விதிப்படி தப்பில்லை என்பார்கள். எனக்குப் பிடிக்காது. ஒருவனை 50 கிலோமீட்டர் மீதி இருக்கும்போது முன்வரிசைக்கு அனுப்பி, 5 கிலோமீட்டர் மட்டும் இழுத்துவிட்டுப் பின்னால் வரச் சொல்லுங்கள். பார்க்கிறவருக்கு அதுவே செய்தி.


கடைசிகியர் எழுதியது:

நேற்று ராத்திரி சமதளப் பந்தயம் முடிந்தது. 203 கிலோமீட்டர். கல்பாதை அக்கா சொன்னபடி என் அணியிலேயே சம்பளம் குறைந்த பையனுக்கு மூன்று முயற்சி கொடுத்தேன். ஃப்ளாட் 68, ஸ்பிரின்ட் 52. அணிக்கு 7 பேர் கணக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தவன். இரண்டு முறை பிடிபட்டான். மூன்றாவது முறை எட்டுப் பேர் கொண்ட பிரேக்கில் ஒட்டிக்கொண்டான்.

60 கிலோமீட்டர் மீதி இருக்கும்போது இடைவெளி 6:10. ஷப்பாத் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தேன், அவர்களுக்குப் பத்து விநாடி மிச்சம். கை துறுதுறுத்தது. கட்டளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. 85 ஸ்பிரின்டர் அணி ஒருவனை அனுப்பியது, டிவிஷனில் முதலிடத்தில் இருக்கும் அணி அனுப்பவில்லை. உடனே அந்த 85 அணியும் தன் ஆளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இப்படியே 30 கிலோமீட்டர் போச்சு, இடைவெளி இன்னும் 4:20. அதற்கப்புறம்தான் மூன்று அணிகள் அலறி அடித்துக்கொண்டு துரத்தின. 10 கிலோமீட்டரில் 1:35. கோட்டில் 22 விநாடி.

பிரேக்கில் மிச்சம் இருந்தது ஐந்து பேர். நம் பையன் இரண்டாவது. இந்த டிவிஷனில் என் அணி முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறியது இதுவே முதல் முறை.

பின்னால் வந்த கூட்டத்தின் ஸ்பிரின்டை மொட்டை ஜெயித்தான், அந்த 85ஐத் தாண்டி. அவன் சக்தி 77. கணக்குப்படி ஆறாவது இடம். மனைவி வழக்கம்போல "மொட்டை எத்தனாவது?" என்றாள். ஆறாவது என்றேன். "அப்புறம் ஏன் சிரிக்கிறீங்க?" என்றாள். அதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

இப்போது 11ஆவது இடம். ஆறு லட்சம் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். அந்தப் பையனின் ஒப்பந்தம் இந்த வாரம் முடிகிறது. காலையில் லாகின் செய்தால் சம்பளத்தை இரண்டு மடங்காகக் கேட்டுச் செய்தி வந்திருக்கிறது. அவனுக்காக ஏலத்தில் இரண்டு அணிகள் விசாரித்திருக்கின்றன. வைத்துக்கொள்ளலாமா?


வால்காற்று எழுதியது:

விற்றுவிடுங்கள். இன்றைக்கே. ஸ்பிரின்ட் 52 என்பதை யாராவது கவனிப்பதற்குள்.


கல்பாதை எழுதியது:

விற்காதீர்கள்! அடுத்த முறை பிரேக்கில் யாரை அனுப்புவீர்கள், மொட்டையையா?