"நான்தான் பேசுறேன்" என்றால் யார்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரு திங்கட்கிழமை புது நம்பரிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு. "அண்ணா, நான்தான். போன தடவை எடுத்த அதே டிசைன், ஆறு கிலோ. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

குரலை வைத்து ஈரோட்டு வியாபாரி என்று அப்பா முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை வந்து நின்றவர் தருமபுரிக்காரர். இரண்டு பேர் எடுக்கும் டச்சும், அதாவது வெள்ளியின் சுத்தமும் வேறு, டிசைனும் வேறு. செய்த சரக்கில் பாதிக்கு மேல் மறுபடி உருக்க வேண்டியதாகிவிட்டது. நான்கு பேர் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து சலங்கை ஒட்டிய கூலி போனது, சேதாரமும் எங்கள் தலையில்.

அப்பா ஏன் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் புரிந்தது. "யாருங்க?" என்று கேட்டால், "இத்தனை வருஷம் பழகி என்னைத் தெரியலையா?" என்று எதிரில் இருப்பவர் மனம் வருந்துவார். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து நம் ஊரில் பாதிப் பேர் ஊகத்திலேயே பேசி முடிக்கிறோம். தப்பு கேட்காதவர் மேல் இல்லை. கூப்பிட்டவர்தான் முதலில் பேர் சொல்ல வேண்டும். ஹலோ என்பது லைன் கிடைத்ததா, காதில் விழுகிறதா என்பதற்கான சத்தம். 1877இல் எடிசன் அந்தச் சொல்லைப் பரிந்துரைத்ததும் எதிர்முனையில் இருப்பவரைக் கூப்பிடத்தான். யார் என்பதை அதற்கடுத்து நாம்தான் சொல்லியாக வேண்டும்.

இப்போது அப்பா, "குரல் சரியா பிடிபடலைங்க, எந்த ஊர்லேருந்து பேசுறீங்க?" என்று கேட்கிறார். இதுவரை யாரும் வருத்தப்பட்டதில்லை. பேர், ஊர், எடை, டச் நான்கையும் எழுதிக்கொண்டு திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வைக்கிறார்.

*

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருக்கிறேன். கூப்பிட்டவர்தான் முதலில் பேர் சொல்ல வேண்டும் என்று கொலுசுப் பட்டறைக்காரர் நீங்கள் சொன்னது மலையில் இன்னும் முக்கியம். போன டிசம்பரில் பழம் பறிப்பு நேரம், நல்ல பனிமூட்டம். மூன்று வண்டிகள் சேலத்துக்கு இறங்கியிருந்தன. யாரிடமோ வாங்கிய போனில் ஒரு டிரைவர், "அண்ணா, வண்டி நின்னுடுச்சு, ஆள் அனுப்புங்க" என்றார். கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. எந்த வண்டி, 20 கொண்டை ஊசி வளைவில் எது, ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கோடு நானே ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். டிரைவர் பத்திரமாக இருந்தார், அது போதும். இப்போது எங்கள் டிரைவர்கள் எல்லோரும் முதல் மூச்சில் பேர், வண்டி, எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். நடுவில் கட் ஆனாலும் பரவாயில்லை.

*

நான் அம்மாபேட்டை. எங்கள் அம்மாவுக்கு வந்த அழைப்பு இது. "என்ன அத்தை, யாருன்னு குரலை வச்சுக் கண்டுபிடிங்க பாக்கலாம்." அம்மா ஆசையாக, "பெங்களூர் தம்பி மகனா?" என்றார். "ஆமா அத்தை, அவனேதான்." பேரை எடுத்துக் கொடுத்ததே அம்மாதான். அடுத்து ஆஸ்பத்திரி, அவசரம், 20,000 ரூபாய். நான் வீட்டில் இருந்ததால் உடனே மாமா வீட்டுக்குக் கூப்பிட்டேன். பையன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பணம் போகவில்லை. போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்று அம்மாவின் போனில் அந்த எண்ணைப் பதிந்து வைத்தேன்.

"கண்டுபிடிங்க" விளையாட்டை வயதானவர்களிடம் தயவுசெய்து யாரும் விளையாடாதீர்கள். நாம் அன்பாகப் பழக்கிவிடுவதைத்தான் திருடன் பயன்படுத்திக்கொள்கிறான். போன வாரம் அந்தத் தம்பி மகனே கூப்பிட்டான். அம்மா விடவில்லை, "நீயே பேர் சொல்லு கண்ணு" என்றார். அவனும் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் பொறுமையாகச் சொன்ன பிறகுதான், "சாப்டியா?" என்று கேட்டார்.