பங்காளிகள் குழு: யூரியா வீசலாமா?

அண்ணன்: (படம்) மேல வயல் மக்காச்சோளம். குருத்து பூரா ஓட்டை. நாளைக்கு ரெண்டாவது மேலுரத்துக்கு ஆள் சொல்லியாச்சு. யூரியா வீசவா வேணாமா?

பெரியப்பா: வீசு. பயிர் தேறிடும்

அத்தை: படம் திறக்கல

சித்தப்பா: வீசாதே, பொறு. படத்தப் பெருசு பண்ணிப் பாரு. குருத்துல ஈர மரத்தூளாட்டம் கிடக்கறது புழு எச்சம். புழுவோட தலையில இங்கிலீஷ் ஒய் (Y) எழுத்து தலைகீழா, வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி இருந்தா படைப்புழுதான். முதல் தடவையே யூரியாவ அள்ளி வீசிட்ட. இலை கரும்பச்சையா தளதளன்னு நிக்குது, புழுவுக்குக் கொண்டாட்டம். மழையும் இல்ல. கனமழை அடிச்சா குருத்துல தண்ணி நின்னு குஞ்சுப் புழு நிறைய செத்துரும். இந்த வெயிலுக்கு முட்டை 2, 3 நாள்ல பொரிஞ்சிரும்.

மாமா: சின்ன மச்சான் ஆரம்பிச்சுட்டாரு

பெரியப்பா: போன போகம் உன் பேச்சக் கேட்டு யூரியாவ நிறுத்தினேன். கதிர்ல மணியே பிடிக்கல

சித்தப்பா: அடியோட நிறுத்தச் சொன்னது யாருண்ணா? பிரிச்சுப் போடச் சொன்னேன். யூரியாவுல இருக்கற தழைச்சத்து பத்தலன்னா கதிர் தண்டுல இருக்கறத உறிஞ்சிரும், தண்டு அழுகிச் சாயும். பொட்டாஷ் போட்டீங்களா?

பெரியப்பா: நீ கிணத்தப் பிரிச்ச மாதிரியா

அத்தை: ரெண்டு பேரும் வேணாம்

அக்கா: எங்க வயல்ல புழு இல்ல சித்தப்பா. அடி இலையில நீள நீளமா சாம்பல் கலர்ல காயுது

சித்தப்பா: இலைக்கருகலா இருக்கும், பூஞ்சாணம். உங்க பக்கம் ராத்திரி குளிர், பனி இலையிலயே நிக்குது. நெருக்கி விதைச்சதால காத்தும் புகல. புழு மருந்து அதுக்குக் கேக்காது

அண்ணன்: தெளிப்பான் யாருகிட்ட?

மாமா: என்கிட்ட இல்ல

அத்தை: நம்ம மாடிப்படிக்குக் கீழதான கிடக்கு

மாமா: அது நாசில் அடைச்சுக்கிச்சு

அண்ணன்: சரி, யூரியா?

சித்தப்பா: முதல்ல மருந்து. சாயங்காலமா குருத்துக்குள்ள இறங்கற மாதிரி அடி, பகல்ல புழு உள்ள பதுங்கிக்கும். காஞ்ச மண்ணுல யூரியா வேருக்குப் போகாது. தண்ணி விட்டப்புறம் அளவாப் போடு

பெரியப்பா: ஆளு நாளைக்கு விட்டா கிடைக்க மாட்டான்

அண்ணன்: அப்ப பாதி வீசட்டுமா?

அக்கா: எனக்கு என்ன மருந்துன்னு யாரும் சொல்லல

மாமா: தெளிப்பான் வேணும்னா வந்து எடுத்துக்கங்க. திருப்பித் தரணும்