புதுப்பிப்பு: ஏபி உலக வரலாறு, ஆவணக் கட்டுரை

மகள் ஏபி (அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி நிலைப் பாடம்) உலக வரலாற்றுத் தேர்வில் ஆவணக் கட்டுரைக்கு, அதாவது கொடுக்கும் 7 ஆவணங்களை வைத்து வாதம் எழுதும் கேள்விக்குத் திணறுகிறாள், எப்படிப் பழக்கலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அவளுக்குத் தகவல் பஞ்சமில்லை. 7 ஆவணங்களையும் சுருக்கி எழுதிவிடுவாள். யார், யாருக்காக, எதற்காக எழுதினார்கள் என்று மட்டும் தொடமாட்டாள். ஒரே ஆவணத்தை எடுத்துப் பேசிப் பார்க்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. இலங்கையின் காலி கல்வெட்டை எடுத்தோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேவின் பயணத்தில் நிறுவப்பட்டது, அதிலுள்ள தேதி 1409. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. "ஒரே அரசு எதுக்கு மூணு சாமிக்கும் கொடுக்குது?" என்று அவளே கேட்டாள். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் மூன்று கூட்டத்தின் நல்லெண்ணமும் வேண்டியிருந்தது என்று அவளே பதிலும் எழுதினாள். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! 2 ஆவணங்களுக்கு இப்படி விளக்கினால் கட்டுரைக்கான 7 புள்ளிகளில் ஒன்று கிடைக்கும்.

அப்புறம் நேரம். இந்தக் கட்டுரைக்குப் பரிந்துரைக்கும் 60 நிமிடத்தில் முதல் 15 நிமிடம் ஆவணங்களை வாசிக்க. தேர்வு கணினியில், ப்ளூபுக் என்ற தேர்வுச் செயலியில் என்பதால் தட்டச்சு செய்தே பழகுகிறாள்.