கண்மாய்க்கரைக்கு ஒரு பைனாகுலர்: அயித்தான் 10×42 என்கிறார், எதை வாங்கலாம்?

கல்லல்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் கல்லலில் இருக்கிறேன், வயது 54, கண்ணாடி போடுகிறவன். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டால் மார்கழி, தை இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பறவை பார்க்கப் போய்விடுவேன். இத்தனை வருடமும் வெறுங்கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். கரையில் நின்றால் நடுத்தண்ணீரில் நிற்கும் மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், எது நாரை எது கொக்கு என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வருடம் நல்லதாக ஒரு பைனாகுலர் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது, கொஞ்சம் கூடினாலும் சமாளிப்பேன்.

எங்கள் அயித்தான் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே உரிமம் வாங்கி வருடாவருடம் மான் வேட்டைக்குப் போகிறவர். போனில் கேட்டேன், "வேட்டைக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் கழுத்தில் 10×42தான் தொங்கும், வேறெதையும் யோசிக்காதே" என்றார். ஆனால் பல வருடங்களுக்கு முன் ஒரு பொருட்காட்சிக் கடையில் சிவப்பு லென்ஸ் போட்ட 20×50 ஒன்றை "மிலிட்டரி சாமான்" என்று சொன்னதை நம்பி வாங்கினேன், அரை மணி நேரம் பார்த்ததும் தலைவலி வந்துவிட்டது, அன்றைக்கு வைத்ததுதான், இன்னும் பீரோவில் கிடக்கிறது. அதனால் இந்த முறை பவரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 8 நல்லதா, 10 நல்லதா? எந்த மாடல்?

ஊருணிக்கரை:
அண்ணே, முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேதான். 8×42 என்றால் 8 மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வருகிறது அல்லவா, கண் வைக்கும் பக்கத்தில் வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42க்கு அது 4.2. உங்கள் 20×50க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், அதனால் பகலில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பறவை கூட்டை விட்டுக் கிளம்புவது விடியற்காலையில், வந்து அடைவது பொழுது சாயும்போது. அந்த நேரத்தில் கண்மணி விரிந்திருக்கும்போது 2.5 வட்டம் எங்கே போதும், இருட்டாகத்தான் தெரியும்.

தலைவலிக்குக் காரணம் வேறு. 20 மடங்கு பெரிதாகக் காட்டுகிற கருவி கை நடுக்கத்தையும் 20 மடங்கு காட்டும், அதைச் சமாளிக்கக் கண் படாத பாடு படும். விலை மலிந்த சாமான்களில் இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்காமல் துளி விலகியிருக்கும், அதையும் கண்தான் இழுத்துப்பிடித்து ஒன்றாக்க வேண்டும். சிவப்புக் கோட்டிங் சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்பிவிடுவதால் படம் பச்சையடித்து மங்கலாக இருக்கும். அதை இனி எடுக்கவே வேண்டாம்.

கரையில் நின்றபடி, ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்க 8தான். நிக்கான் அக்குலான் ஏ211, 8×42 பாருங்கள். உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும், படம் அருமையாக இருக்கும்.

ஹூஸ்டன் தேவகோட்டை:
உங்கள் அயித்தான் சொன்னதில் தப்பில்லை, நானும் இங்கே நவம்பரில் வெள்ளைவால் மானுக்குப் போகிறவன்தான். ஆனால் அவர் எந்த இடத்தை நினைத்துச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். மேற்கு டெக்சாஸ் வெட்டவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தடையே கிடையாது. ஒரு மேட்டில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தூரத்தில் நிற்கும் மானுக்குக் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவார்கள், அதற்குப் 10 வேண்டும்தான். கிழக்குப் பக்கம் பைன் காடும் புதருமாக இருக்கும் இடத்தில் வேட்டையாடுகிறவர்கள் நிறையப் பேர் 8ஐத்தான் எடுக்கிறார்கள், அதில் ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும், கிளைகளுக்கு நடுவே ஒரு காது அசைந்தால்கூடச் சட்டென்று கண்ணில் படும். இங்கே சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரை மான் சுட அனுமதி, அந்த முதல் அரை மணியும் கடைசி அரை மணியும்தான் மான் வெளியே வரும் நேரம். அதனால் வேட்டைக்காரனுக்கும் வெளிச்சம்தான் முதல் கவலை. நீங்கள் கண்மாயில் பார்க்கப்போவதும் அதே நேரம்தானே.

வேட்டைக்காரர்களிடமிருந்து ஒன்றை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டி நெஞ்சோடு பிடித்துக்கொள்ளும் பட்டை ஒன்று வாங்குங்கள். 700 கிராமைக் காலை முழுவதும் கழுத்தில் தொங்கவிட்டால் மறுநாள் தெரியும். நடக்கும்போது ஆடி வயிற்றில் இடிக்கவும் இடிக்காது.

பழைய டீச்சர்:
ஊருணிக்கரை தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் கேட்டவர் கண்ணாடி போடுகிறவர் என்பதைக் கவனிக்கவில்லை. நான் அக்குலான் 8×42 மூன்று வருடம் வைத்திருந்தேன். படம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கண்பக்க லென்ஸிலிருந்து கண்ணை வைக்க வேண்டிய தூரம் (ஐ ரிலீஃப்) 12 மில்லிமீட்டர்தான், மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் தெரியும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸில் சரிசெய்துகொள்ளலாம். கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அது நடக்காது, கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும். எனக்கு அப்படித்தான். அதனால் அந்தத் தூரம் குறைந்தது 15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கண்ணாடி போட்டவர்கள் உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும், நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

அக்குலானில் தண்ணீர் இறங்கும், இன்னொரு குறை. நம் ஊரில் பறவை வருவதே மழையை ஒட்டித்தான். நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத நேர்க்குழல் மாடல்தான் நமக்குச் சரி. நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42 இப்போது வைத்திருக்கிறேன், எடை 565 கிராம்தான், கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறது. உங்கள் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போகலாம், ஆனால் கண்ணுக்கு ஒத்துவராததை வாங்கிப் பூட்டிவைப்பதைவிட இரண்டு மாதம் பொறுத்து வாங்குவது மேல்.

எதை வாங்கினாலும் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சாயங்காலமாகப் போங்கள், வாசலுக்குக் கொண்டுவந்து எதிர் மாடியின் நிழல் விழுந்த மூலையைப் பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்து வானத்துக்குக் காட்டி, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள், முழு வட்டமாக இருந்தால் உள்ளே படத்தை நிமிர்த்தும் பிரிசம் நல்ல பாக்-4 கண்ணாடி. ஓரம் சாம்பல் நிறமாகச் சதுரம் தட்டினால் மட்டமான கண்ணாடி. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். ஜூம் என்று போட்டிருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள்.

சிங்கம்புணரி ரவுண்டு:
ஒரே ஒரு விஷயம். பேச்சில் வேட்டை என்று வருவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் சிவராத்திரியை ஒட்டி முயல் வேட்டைக்குக் கிளம்பும் பழக்கம் நம் பக்கத்துச் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது, வனத்துறையும் பிடித்து வழக்குப் போடுகிறது. அந்த நாட்களில் பைனாகுலரோடு காட்டுப் பக்கம் அலைந்தால் விசாரிப்பார்கள், பதில் சொல்லிவிட்டுப் போங்கள். கொள்ளுக்குடிப்பட்டியில் அந்தத் தொல்லை இல்லை, 1977இலிருந்து சரணாலயம். பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் அது, கரையில் சத்தம் போடாமல் பாருங்கள், அது போதும்.

கல்லல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி சாயங்காலம் மதுரைக்குப் போய் 8×42, 10×42 இரண்டையும் வாசலில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் சிலிண்டர் பவர் உண்டு, அக்குலானில் ஓரம் வெட்டியது உண்மை. 10ஐ எடுத்தபோது எதிர்க்கடை போர்டு ஆடிக்கொண்டே இருந்தது, 8இல் நின்றது. பி3 8×42 வாங்கிவிட்டேன், மீதிப் பணத்தை வீட்டில் கேட்டுத்தான் போட்டேன். அயித்தானிடமும் சொன்னேன், அடுத்த முறை வரும்போது தோளில் மாட்டும் அந்தப் பட்டையைக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.

நேற்று விடியும் முன்பே கரைக்குப் போய்விட்டேன். இத்தனை வருடமாக நத்தை குத்தி நாரை என்று பேரைத்தான் கேட்டிருக்கிறேன். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதற்குள் பின்னால் இருக்கும் இலை தெரிகிறது. கூட்டில் இருந்த குஞ்சுகளின் அலகில் அந்தச் சந்து இல்லை, நேராக மூடிக்கொள்கிறது. வளர வளரத்தான் விழுமா டீச்சர்?

பழைய டீச்சர்:
ஆமாம், பிறக்கும்போது இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். குஞ்சையும் தாயையும் ஒரே கூட்டில் வைத்துப் பார்த்துவிட்டீர்களே. எந்தக் கண்மாய், பெரிய கொள்ளுக்குடிப்பட்டியா, சின்னதா? ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.