டிராகுலா கடைசியில் நிஜமாகவே செத்தானுங்களா?

சோமனூர் தறிக்காரன்:
ராத்திரி ஷிப்டில் தறி ஓட ஓட, இழை அறுந்தால் எழுந்து முடிபோட்டுவிட்டு வந்து, பிராம் ஸ்டோக்கரின் ரத்தக்காட்டேரி நாவலான ‘டிராகுலா’வை (1897) ஒருவழியாக முடித்துவிட்டேனுங்க. முடிவுதான் மனசுக்கு ஒப்பவில்லை. டிராகுலா கடித்து அவனைப் போலவே ஆகிப்போன லூசியை அடக்கும்போது எத்தனை சாங்கியம்! நெஞ்சில் மரமுளை அடித்து, தலையை அறுத்து, வாயில் பூண்டைத் திணித்து, ஈயப்பெட்டியைப் பற்றவைத்து மூடுகிறார்கள். அத்தனைக்கும் காரணமானவனுக்கு? அவனைத் துரத்திப் போனவர்களில் ஜோனதனின் குக்ரிக் கத்தி கழுத்தில், குவின்சியின் கத்தி நெஞ்சில். நாலு வரியில் வேலை முடிந்தது. முளையும் இல்லை, பூண்டும் இல்லை. செத்தான் என்று எதை வைத்து நம்புவது?

பெருந்துறை வாசகி:
ஜோனதன் மனைவி மினாவின் நெற்றியை வைத்துத்தான் அண்ணா. டிராகுலா அவளைத் தீண்டிய பிறகு, புனித அப்பம் பட்டுத் தீய்ந்த வடு அது. குவின்சி சாகிற நேரத்தில் அதைத்தான் கைகாட்டுகிறான், வடு போயே போய்விட்டது. டிராகுலாவின் முகத்தில் கடைசியாக ஒரு நிம்மதி தெரிந்தது என்றும் அவளே எழுதி வைக்கிறாள். இதற்கு மேல் என்ன வேணும்?

பவானிக்காரன்:
நெற்றி சரிங்க. ஆனால் நிலா வெளிச்சத்தில் தூசியாக வருவான் என்று வேட்டைக்கு வழிகாட்டும் டாக்டர் வான் ஹெல்சிங் முன்னாடியே சொல்கிறாரே. உரு மாற உச்சிவேளையும் பொழுது கிளம்புகிற, சாய்கிற நேரமும் தோது என்கிறார். கத்தி இறங்குவதும் பொழுது சாயும்போதுதான். சூரியனைப் பார்த்ததும் அவன் கண்ணில் ஜெயித்த களை வேறு. அப்புறம் உடம்பு தூளாகிவிடுகிறது. இன்னொன்று, அச்சுக்குப் போகும் முன் ஸ்டோக்கர் வைத்திருந்த தட்டச்சுப் பிரதியில் அவன் கோட்டையே வெடித்துச் சிதறி மண்ணோடு போகிறது. அச்சில் அந்தப் பகுதி இல்லை. கோட்டை அப்படியே நிற்கிறது.

பெருந்துறை வாசகி:
பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது, முழுசாக இறங்கவில்லை. ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் நீங்க சொல்வது சரி.

சோமனூர் தறிக்காரன்:
எங்க அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) இந்தக் கதையைச் சொன்னேன். உடுக்கைப் பாட்டில் அண்ணமார் கதையை (பொன்னர் சங்கர் கதை) விடிய விடியக் கேட்ட ஆள். படுகளத்தில் விழுந்த அண்ணன்மாரைத் தங்காள் எழுப்புவதைக் கேட்டே வளர்ந்ததால், செத்தான் என்றால் அதோடு விடுகிற வழக்கம் அதுக்கு இல்லை. எல்லாத்தையும் கேட்டுவிட்டு, “அந்தத் தூளை அள்ளி ஆத்துல கரைச்சாங்களா இல்லியா?” என்று கேட்டுச்சு. திருப்பிப் போய்ப் பார்த்தேன். வண்டியிலிருந்து கீழே தள்ளிய பெட்டி, அதற்குள் அவன் படுத்துக்கிடந்த அவனுடைய ஊர் மண். பெட்டியை ஏற்றி வந்த ஜிப்சிகள் உயிருக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். பெட்டியை யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஏழு வருஷம் கழித்து ஜோனதனும் மினாவும் மற்றவர்களும் அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள், அப்போதும் அந்தப் பேச்சே இல்லை.

பவானிக்காரன்:
பெட்டியை விடுங்க. மினா அவன் ரத்தத்தைக் குடித்தவள். அதற்கப்புறம் பிறந்த பையன், குவின்சி செத்த அதே தேதியில் பிறந்தான் என்று வீட்டில் அவ்வளவு சந்தோஷம். அன்றைக்குச் செத்தது குவின்சி மட்டும்தானா?