ஏ வகுப்புக்குப் பயிற்சி, பி வகுப்புக்குச் சும்மா: இதுவும் ஒரு பரிசோதனையா?

மாங்குளத்தான்:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில், பரீட்சைக்கு முன் பத்து நிமிட மூச்சுப் பயிற்சி பதற்றத்தைக் குறைக்குமா என்று பார்க்கப் போகிறார்களாம். தரம் 10 ஏ வகுப்புக்குப் பயிற்சி, பி வகுப்புக்கு இல்லை. அவை புள்ளி பார்த்துப் பிரித்த வகுப்புகள்! வித்தியாசம் வந்தால் மூச்சாலா, வகுப்பாலா? எல்லோரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பேர்ஸும் ஜாஸ்ட்ரோவும் 1885 இல் வெளியான எடையுணர்வுப் பரிசோதனைக்கே சீட்டுக்கட்டைக் குலுக்கியவர்கள்.

ஒட்டுசுட்டான் வாத்தி:
தம்பி, அவர்கள் குலுக்கியது எடைகளின் வரிசைக்கு, ஆட்களைப் பிரிக்க அல்ல. பரிசோதனைக்கு இருந்தவர்களும் அவர்களேதான். 40 பிள்ளைகளைக் குலுக்கினால், தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரே பக்கம் குவியலாம். குலுக்கலின் சமநிலை பெரிய எண்ணிக்கையில்தான் நம்பக்கூடியது. புள்ளியும் வீட்டு நிலையும் பார்த்துச் சோடி சேர்த்து, நானே பிரித்துவிடுவேன்.

வன்னிமகள்:
சேர், சோடி சேருங்கள், சரி. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதையும் நீங்களே சொன்னால், குழப்படிக்காரன் எல்லாம் பயிற்சிக்குத்தான் போவான். அந்த இடத்தில் காசைச் சுண்டுங்கள். அப்புறம், பரீட்சை நேரத்தில் "அம்மா எங்கே?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே பதற்றத்தைக் கூட்டும். சில வாரம் முன்பே பதற்ற வினாக்கொத்து கொடுத்து, அந்தப் புள்ளியை வைத்துச் சோடி பிடியுங்கள்.

ஒட்டுசுட்டான் வாத்தி:
வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தால் இடைவேளைக்குள் மற்றப் பாதியும் மூச்சு இழுக்கும். பிள்ளைகளோடு இருந்து பார்த்தால் தெரியும்.

மாங்குளத்தான்:
அதற்குத்தான் பாடசாலை பாடசாலையாகக் குலுக்குவது. போரால் பாதிக்கப்பட்ட வடக்கில் 399 பிள்ளைகளோடு செய்து 2012 இல் வெளியான பாடசாலை மனநல ஆய்வு அப்படித்தான். மற்றப் பக்கம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தது.

வன்னிமகள்:
அவர்களுக்குப் பல பாடசாலைகள். இங்கே ஒன்றுதான். இரண்டு கிடைத்தாலும் பயிற்சி வேறு, பாடசாலை வேறு என்று பிரித்தறிய முடியாது. இரு குழுவுக்கும் ஏதாவது கொடுங்கள்: ஒன்றுக்கு மூச்சு, மற்றதுக்குக் கதை வாசிப்பு. சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளை 16, 15 எனக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பக்கம் நடந்ததைச் சொல்லவைக்கும் சிகிச்சை, மறுபக்கம் தியானமும் தளர்வுப் பயிற்சியும்.

ஒட்டுசுட்டான் வாத்தி:
நானும் வாசித்தேன் பிள்ளை. அங்கே இரு குழுவுமே தேறியது. ஒன்றுமே கொடுக்காத மூன்றாவது குழு இல்லை. அப்போ தேற்றியது சிகிச்சையா, காலமா? உங்கள் கதை வாசிப்பிலும் இதே சிக்கல்தானே?