புதுப்பிப்பு: மோரிஸ் மைனருக்கு ஸ்பேர் டயர் தாங்கி, வேலை முடிந்தது

என் 1959 மோரிஸ் மைனர் காரில் பூட் (பின்பக்கச் சாமான் அறை) அடியில் உள்ள ஸ்பேர் டயர் அறை துருப்பிடித்துவிட்டது, டயரை வெளியே பின்பக்கம் மாட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பூட் மூடியில தொங்கவிடாதீங்க தம்பி, பம்பர் பிடிக்கிற இடத்துக்குப் பாரத்தை இறக்குங்க" என்றாரே ஓர் அண்ணன், அதுதான் சரியாக வந்தது. சுங்கை சிப்புட்டில் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் செய்தோம். பூட் திறக்க வேண்டுமே, அதனால் தாங்கிக்கு ஒரு பக்கம் கீல், மறுபக்கம் பூட்டு.

சொதப்பியது நான்தான். ரிம்மைப் பிடிக்கும் நான்கு போல்ட்டும் அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டேன். ரிம் உட்காரவே இல்லை. இது இங்கிலீஷ் கார், 4 அங்குலம், அதாவது 101.6. மறுபடியும் துளை போட்டோம். பட்டறைக்காரர் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

எதிர்பாராதது: நம்பர் பிளேட்டை டயர் மறைத்துவிட்டது. பிளேட்டையும் அதன் விளக்கையும் இடம் மாற்றினேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் கடகடவென்று சத்தம் வந்தது. டிராக்டர் டியூபை வெட்டி இடையில் வைத்ததும் அடங்கிவிட்டது.